இரண்டு விரலால் தொடவும்

பெரிய மீன்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே புகைப்படம்தான் இருக்கும். நீல வெளிச்சம், மூன்று ஆள் உயரக் கண்ணாடி, அதற்கு முன்னால் கறுப்பு நிழல்களாக ஒரு குடும்பம். மீனின் முகமும் தெரியாது, குடும்பத்தின் முகமும் தெரியாது. இதில் மீன் எது, மாமா எது என்று கேட்டால் படம் எடுத்தவரே தடுமாறுவார். கொடுத்த காசுக்கு வாயைப் பிளக்க வேண்டுமே என்று எல்லாரும் பிளந்துகொண்டு நிற்பார்கள். உள்ளே மீன்களும் அதையேதான் செய்துகொண்டிருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் எங்களுக்கு அப்படி ஓர் இடம் லாங் பீச்சில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தையை அங்கேதான் கூட்டிப்போவதாக இருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தடுத்துவிட்டாள். பள்ளியிலிருந்து அவர்களைச் சான்டா மோனிகாவில் இருக்கும் ஒரு சின்னக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கள் மீது ஒரு நபர் விசாரணைக் கமிஷன் நடந்துகொண்டிருந்தது. "அங்க எல்லாமே குட்டியா இருக்கும்ப்பா. தொட்டுப் பாக்கலாம். ஆச்சிக்கு அதுதான் பிடிக்கும்" என்று தீர்ப்பு வந்தது. என் மனைவிக்கு அன்று மருத்துவமனையில் வேலை. மாமியாரையும் மகளையும் தனியாக வெளியே கூட்டிப்போகும் மருமகனுக்கு ஒரு நிம்மதி உண்டு. அவன் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அத்தை தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சர், கடைசியில் தலைமையாசிரியை. அவர் ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான், மார்க் போடுவதிலிருந்து அல்ல. வந்த வாரத்திலேயே எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு 55, கடையில் வாங்கிய இட்லி மாவுக்கு 40, என் கார் ஓட்டுதலுக்கு "பாசாயிரும்" என்று முடிவுகள் வெளியாகிவிட்டன. ஆங்கிலம் நன்றாகப் படிப்பார். இந்த ஊர்க்காரர்கள் மூக்கால் பேசுவதுதான் பிடிபடாது. அதனால் யார் என்ன சொன்னாலும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதா?" என்பார். மொழிபெயர்ப்பாளன் வேலை எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சான்டா மோனிகா கடல்பாலத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். மேலே ராட்சத ராட்டினம், ரோலர் கோஸ்டர், சிகாகோவிலிருந்து வரும் 66ஆம் எண் நெடுஞ்சாலை இங்கே முடிகிறது என்று ஒரு பலகை, அந்தப் பலகையைக் கட்டிப்பிடிக்க ஒரு வரிசை. நாங்கள் தேடிப் போன ஹீல் த பே அக்வேரியம் இந்த ஆரவாரத்தில் இல்லை. படியிறங்கி மணல் மட்டத்துக்கு வந்தால், 1916இல் கட்டிய குதிரை ராட்டினக் கட்டடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே குதிரை சுற்றுகிறது, கீழே சுறா சுற்றுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட வகை உயிர்கள் இருந்தாலும் இடம் சிறியது. வாசலில் நின்று தும்மினால் கடைசித் தொட்டியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்தப் பாலத்தின் ஜாதகத்தை யாராவது ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். 1909 செப்டம்பர் 9ஆம் தேதி இதைத் திறந்தார்கள். காதலர்கள் கைகோத்து நடப்பதற்காக நகராட்சி இதைக் கட்டவில்லை. ஊர்க் கழிவுநீர்க் குழாயை அலை உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அந்தக் குழாய்க்குத் துணையாக வந்ததுதான் பாலம். இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து சூரியாஸ்தமனத்தோடு படம் எடுத்துக்கொள்பவர்கள் நிற்பது, பிறவியில் ஒரு சாக்கடைக் குழாயின் மேல்.

அதே சாக்கடைதான் காட்சியகத்துக்கும் மூலகாரணம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் கழிவை அரைகுறையாகச் சுத்தம் செய்து ஹைப்பீரியன் என்ற நிலையத்திலிருந்து, பாலம் நிற்கும் இந்த வளைகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. 1985இல் டோரதி கிரீன் என்ற பெண்மணி அதை எதிர்த்து ஆள் சேர்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹீல் த பே அமைப்பு. கசடைக் கடலில் கொட்டுவது 1987இல் நின்றது. கழிவுநீர் முழுவதையும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்புக்கு உட்படுத்துவது 1998இல்தான் கைகூடியது. பல்கலைக்கழகம் ஒன்று 1996இல் பாலத்துக்கடியில் தொடங்கியிருந்த கடல் மையம், 2003இல் இவர்கள் கைக்கு வந்தது. கடல் பாதுகாப்பு என்றால் டால்ஃபின் முத்தம் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். போனால் தெரிகிறது, அது முக்கால்வாசி சாக்கடை விவகாரம். மீதிக் கால்வாசி பறவை எச்சம்.

அத்தைக்கு முதல் பார்வையிலேயே இந்த அமைப்பைப் பிடித்துப்போனதற்குக் காரணம் சுறா இல்லை, ரேங்க் கார்டு. இவர்கள் கடற்கரைகளுக்கு மார்க் போடுகிறார்கள். தண்ணீரில் இருக்கும் கிருமி அளவைப் பார்த்து, கலிபோர்னியாக் கடற்கரைகளுக்கு ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு கொடுத்து, 1990களின் தொடக்கத்திலிருந்து வெளியிட்டு வருகிறார்கள். படித்த பிள்ளைகள், படிக்காத பிள்ளைகள் என்று தனிப் பட்டியலே இருக்கிறது.

"நல்ல ஏற்பாடு மாப்ள. இந்த பீச்சு என்ன மார்க்குன்னு கேளுங்க."

நீல டி ஷர்ட் போட்ட தன்னார்வலர் பெண்ணிடம் கேட்டேன். பதினேழு வயது இருக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னது: மாநிலத்தின் மோசமான கடற்கரைகள் பட்டியலில் அடிக்கடி வருவது இந்தப் பாலத்தடிக் கடற்கரைதான். மேலே புறாக்களும் கடற்பறவைகளும், கீழே நிழலில் காயாத ஈர மணல், பக்கத்திலேயே மழைநீர் வடிகால். எஃப் வாங்குவதும் உண்டு.

"என்ன சொல்லுதா?"

சொன்னேன். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஹெட்மாஸ்டர் வீட்டுப் பிள்ளையே பெயிலா!"

அடுத்த நிமிஷம் அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது. "ஆனா மறைக்காம சொல்லுதாவ பாத்தியளா. நம்ம ஊர்னா பேப்பர் திருத்துனவள மாத்திருப்பாவ."

தொட்டுப் பார்க்கும் தொட்டி இடுப்பு உயரத்தில் இருந்தது. தொடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சன்ஸ்கிரீன், லோஷன் எதுவும் கையில் இருக்கக் கூடாது. தொட்டியில் கலந்தால் உள்ளே இருப்பவற்றுக்கு ஆகாது. மகள் அலசினாள், நான் அலசினேன். அத்தை அலசினார். பெண் மூக்கைச் சுருக்கி, ஏதோ வாசம் வருகிறதே, யூகலிப்டஸா என்று கேட்டது. கோடாலித் தைலம். அத்தையின் கைப்பையில் ஒன்று, கோட்டுப் பையில் ஒன்று, முழங்காலில் மீதி. "லோஷன்தான கூடாதுன்னா? இது மருந்துல்லா" என்று சட்ட நுணுக்கம் பேசிப் பார்த்தார். மகள் சோப்புப் போடும் இடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள். திரும்பி வந்த கையைப் பெண் ஏற்றுக்கொண்டது. நட்சத்திர மீனுக்கு மூட்டுவலி ஏதும் இருந்திருந்தால் அன்று ஒரு நல்ல வாய்ப்பு போயிற்று.

"டூ ஃபிங்கர்ஸ், ஆச்சி! ரெண்டு விரல்தான்! மெதுவா! தூக்கக் கூடாது!"

ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு அதிகாரம் கொடுத்துப் பார்த்தால்தான் காவல்துறை எப்படிப் பிறந்தது என்று புரியும். நான் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மெல்லத் தாழ்த்தும்போதே "அப்பா, ப்ரஷர்!" என்றாள். அந்தப் பக்கம் நின்ற தாடிக்காரர் ஒருவர் மூன்றாவது விரலை நீட்டினார். அவரையும் எச்சரித்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அத்தை ஆரஞ்சு நிற நட்சத்திர மீனைத் தொட்டார். தொட்டதும், பழக்கதோஷத்தில் இரண்டு விரலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பசிபிக் சமுத்திரத்தின் உப்பு என்ன காரம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு ஒரு கண்ணில் தண்ணீர் வடிய, அந்தப் பெண்ணுக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. பல பேருக்கு முதல் முறை இப்படித்தான் கண் கலங்கும் என்று ஆறுதலாகச் சொன்னது. நான் மொழிபெயர்க்கவில்லை.

தொட்டியில் இருந்தவற்றில் எதுவும் நம்மைப் பார்த்து வாலாட்டாது. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ செய்கிறது. கடல் சாமந்தியைத் தொட்டால் விரலில் மெல்லப் பசை ஒட்டுவது போல இருக்கும். பாசமாகப் பிடித்துக்கொள்கிறதாக்கும் என்று நாம் பூரித்துப் போவோம். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத விஷ ஈட்டிகளை நம் மேல் எய்துகொண்டிருக்கிறது. நம் விரல் தோல் தடிமன் என்பதால் உறைக்கவில்லை, அவ்வளவுதான். நம்மைச் சாப்பிடுவதற்கு அது உண்மையாகவே முயற்சி எடுக்கிறது. ஊதா நிறக் கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே விரலை வைத்தால் முட்கள் எல்லாம் மெதுவாகச் சாய்ந்து விரலை அணைக்கும். நட்சத்திர மீன் இன்னும் ஒரு படி மேலே. அது சிப்பியைக் கொஞ்சம் திறந்து, தன் இரைப்பையையே வெளியே தள்ளி, சிப்பி வீட்டுக்குள் அனுப்பி, அங்கேயே செரித்துவிட்டு, பிறகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்சல் வாங்கி வரும் வேலை மிச்சம்.

அடுத்து, மூலையில் செம்பழுப்பாக ஒரு முழம் நீளத்துக்குக் கிடந்ததைப் பார்த்ததும் அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, இது அட்டைல்லா?"

கடல் அட்டைதான்.

"பிள்ளைய இங்கிட்டு இழுங்க. தொட்டா கேஸ் ஆயிரும்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. இந்தியாவில் கடல் அட்டை 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் அதே அட்டவணைதான். சட்டத்தின் முன் புலியும் அட்டையும் சமம். பிடித்தால், வைத்திருந்தால், விற்றால் ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை பிடிபட்ட செய்தி வராத மாதம் அத்தையின் பேப்பரில் கிடையாது. அவித்து, மணலில் புதைத்து, தேய்த்துக் காய வைத்தது படகில் இலங்கைக்குப் போகும். உரிமம் வாங்கினால் அங்கே பிடிக்கலாம். அங்கிருந்து சீனா, ஹாங்காங் விருந்து மேசைகளுக்கு. தடை வருவதற்கு முன், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, சொந்தக்காரர் வீட்டுக்குக் கீழக்கரைக்குப் போனால் வழியில் வெயிலில் காய்ந்து கிடப்பதைத் தாண்டிக் குதித்துப் போவோம் என்றார் அத்தை. அன்றைக்குத் தாண்டிய பொருளை இன்றைக்கு அமெரிக்க அரசாங்கத்துப் பாலத்துக்கடியில், சிரித்த முகத்தோடு ஒரு சிறு பெண் "தொடுங்கள், தொடுங்கள்" என்கிறது. இது பொறி என்று ஒரு முன்னாள் தலைமையாசிரியைக்குத் தோன்றாதா?

இது வேறு இனம், இவர்கள் முறையாகத்தான் வளர்க்கிறார்கள் என்று நான் உறுதி கொடுத்த பிறகு, இரண்டு விரலை ஒன்றாகக் குறைத்து, சாட்சிகள் யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டார். "மெத்துன்னு இருக்கு" என்றார். முகத்தில் குற்றம் செய்த பூரிப்பு.

பெண் விளக்கத் தொடங்கியது. எதிரி வந்தால் இது தன் குடலையே வெளியே கக்கிவிட்டு நழுவிவிடும். பிறகு புதிதாகக் குடல் வளர்த்துக்கொள்ளும். அதுவரைக்கும் சரி. அதன் பிறகு, இது மூச்சு விடுவது எந்த வழியாக என்று தெரியுமா என்று கேட்டு, பதிலையும் அதுவே சொன்னது.

"என்ன சொல்லுதா?"

மருமகன் மாமியாரிடம் சொல்லக்கூடிய சொற்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. உடம்பின் பின்பகுதி அந்த வரம்புக்குள் வராது. "மூச்சு விடுதாம் அத்தை" என்றேன்.

"அது எல்லாம்தான் விடும். எப்படி விடுதுன்னு கேக்கேன்."

"கொஞ்சம் வித்தியாசமா."

மகள் குறுக்கே வந்து, கணீரென்று, தமிழில், அந்தச் சின்ன இடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். தமிழ் தெரிந்தவர்கள் வேறு யாரும் அங்கே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தை அசரவில்லை. "அறிவியல்ல வெக்கம் என்ன மாப்ள?" என்று எனக்குத்தான் ஒரு மார்க் குறைந்தது.

அங்கே நாங்கள் பார்த்த சுறாக்கள் இரண்டு வகை. ஒன்று உப்பும் வகை: யாராவது பிடிக்க வந்தால் பாறை இடுக்குக்குள் புகுந்துகொண்டு, மடமடவென்று தண்ணீரைக் குடித்து, இரண்டு மடங்கு பருமனாகி, இழுத்தாலும் வராமல் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று கொம்புச் சுறா. அது இடும் முட்டைக்கு மரையாணிபோலத் திருகு வரிகள் உண்டு. அதைத் தாய் வாயால் கவ்விக்கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் செருகி வைக்குமாம். உப்பும் சுறாவின் முட்டைப் பையை விளக்குக்கு நேராகக் காட்டினார்கள். உள்ளே வாலை ஆட்டிக்கொண்டு ஒரு குட்டி. பொரிந்து வர ஒன்பது மாதத்துக்கு மேலாகும் என்றதும் அத்தையின் முகம் கனிந்தது. பெண்ணைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்:

"எங்க ஊர்ல இத பிள்ளை பெத்தவளுக்குப் புட்டு செஞ்சு குடுப்போம். நல்லா பால் ஊறும்."

பெண் ஆவலோடு என்னைப் பார்த்தது. சுவரில் சுறாக்களைக் காப்போம் என்று ஒரு படம். மகள் "சொல்லாதீங்கப்பா" என்று கண்ணால் கெஞ்சினாள். "எங்கள் ஊரில் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கும் சுறாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். பெண் நெஞ்சில் கை வைத்து, எவ்வளவு அழகான பண்பாடு என்றது.

ஆக்டோபஸ் தொட்டிக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். மூன்று குடும்பங்கள் ஒரு கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்களும் போய் உற்றுப் பார்த்தோம். அது கல்தான். "பேய்க்கணவாய் பகல்ல எங்க வெளிய வரும்?" என்றார் அத்தை. ஆனாலும் யாரும் நகரவில்லை. அதற்கு இந்த ஊரில் அப்படி ஒரு பேர் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் இங்கே இருந்த ஒரு ஆக்டோபஸ் ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் தொட்டியின் மேல் இருந்த வால்வைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிட்டது. காலையில் ஊழியர்கள் கதவைத் திறந்தபோது தரையில் சுமார் 200 காலன் கடல்நீர், அதாவது 750 லிட்டருக்கு மேல். உயிர்களுக்குச் சேதமில்லை. செய்தவள் முன்னங்கை அளவே இருந்த ஒரு பெண் ஆக்டோபஸ். தன் தொட்டியில் இருந்தபடி ஊழியர்கள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

இதைக் கேட்டு அத்தை ஆச்சரியப்படவில்லை. "புத்தி உள்ள பிள்ளைய வேலை குடுக்காம உக்கார வச்சா இப்படித்தான். எங்க ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பி பிரிவுல ஒருத்தன் இருந்தான். குழாயத்தான் திறந்து விடுவான்." இப்போது அவன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "பொதுப்பணித் துறை" என்றார்.

அடுத்து ஒரு மீனின் கதை. பசிபிக் கரையில் கிரனியன் என்று அரை அடி நீள வெள்ளி மீன் ஒன்று உண்டு. முட்டையிடுவதற்குக் கடலை விட்டுக் கரைக்கு வரும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த சில ராத்திரிகளில், ஓதம் உச்சிக்கு வந்து இறங்கும் வேளையில், ஆயிரக்கணக்கில் மணலில் ஏறும். பெண் மீன் வாலால் மணலைக் குடைந்து செங்குத்தாக நின்றுகொண்டு முட்டையிடும், ஆண் மீன்கள் சுற்றி வளைந்துகொள்ளும், அடுத்த அலையில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முட்டைகள் ஈர மணலில் காத்திருந்து, அடுத்த பெரிய ஓதம் வந்து கலக்கும்போது பொரியும். இது எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று கலிபோர்னியா அரசின் மீன்வளத் துறை ஆண்டுதோறும் முன்கூட்டியே அட்டவணை வெளியிடுகிறது.

சுவரில் ஒட்டியிருந்த அந்த அட்டவணையை அத்தை படம் எடுக்கச் சொன்னார். விரலால் பெரிதாக்கித் தேதி தேதியாகப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஊர்க் காலண்டரை எடுத்தார். ஆமாம், மாமியார்கள் அமெரிக்காவுக்குக் காலண்டரோடுதான் வருவார்கள். நேர வித்தியாசத்துக்கு ஒரு நாளைக் கூட்டிக் கழித்து ஒப்பிட்டார். பொருந்தியது. "அமாவாசை பாக்குறது மூட நம்பிக்கைன்னு ஒங்க வீட்டுக்காரி ஃபோன்ல எங்கிட்ட எத்தன தடவ சண்ட போட்டிருக்கா? இப்ப கவர்மென்ட்டே பஞ்சாங்கம் போடுது, அதுவும் மீனுக்கு" என்றார். நான் எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. வலை, தூண்டில் எதுவும் கூடாது, குழி தோண்டக் கூடாது, வெறும் கையால்தான் பிடிக்கலாம், ஏப்ரல் முதல் ஜூன் வரை அதுவும் கூடாது, ஒரு ஆளுக்கு 30 மீன் என்று விதிகள் நீண்டன. முகூர்த்தத்தில் இத்தனை கெடுபிடி இருந்தால் நம் ஊரில் பந்தி நடக்காது.

அந்தப் பெண் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போதுதான் சிரிப்பு குறைந்தது. சூரியகாந்தி நட்சத்திரம் என்று ஒரு பெரிய நட்சத்திர மீன், இருபதுக்கு மேல் கைகள், விரித்தால் ஒரு மீட்டர் அகலம். 2013இல் இந்தக் கரையெங்கும் ஒரு நோய் வந்து, கை கையாக உதிர்ந்து, கோடிக்கணக்கில் செத்துப்போயின. நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த நட்சத்திர மீன் தின்றுகொண்டிருந்த ஊதா முள்ளெலிகளைக் கேட்பார் இல்லாமல் போயிற்று. அவை பெருகி, ஒரு நாளைக்கு இரண்டடி வரை வளரக்கூடிய கெல்ப் பாசிக் காடுகளையே வேரோடு மேய்ந்துவிட்டன. வட கலிபோர்னியாவில் பாசிக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது.

இந்தப் பக்கத்திலும் பாலோஸ் வெர்டெஸ் கரையோரம் அதே கதைதான். அங்கே பாதுகாவலர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சுத்தியலை எடுத்துக்கொண்டு கடலுக்குள் குதிக்கிறார்கள். ஊதா முள்ளெலியை ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். பாசிக் காடு திரும்பி வருகிறது.

என் மகள் தொட்டியில் இருந்த ஊதா முள்ளெலியைப் பார்த்தாள். இரண்டு விரல், மெதுவாக, அழுத்தாமல் என்று அவள் காவல் காத்த அதே ஆள். பத்து இருபது மைல் தள்ளி இதன் சொந்தக்காரர்களைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் கடலைக் காப்பாற்றுவதற்காக. இதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அவள் நேரே அந்தப் பெண்ணிடம் போய், சுத்தியல் அடிப்பதற்கு எத்தனை வயது ஆக வேண்டும் என்று கேட்டாள்.

வெளியே வரும் வழியில்தான் மழைநீர் வடிகால் பாடம். லாஸ் ஏஞ்சலஸில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. வீட்டுக் கழிவு சுத்திகரிப்புக்குப் போகும். தெருவோர வடிகாலில் விழுவது அப்படியே கடலுக்குப் போகும். நாய் போட்டது, கார் சொட்டிய எண்ணெய், சிகரெட் துண்டு, தோட்டத்து உரம், எல்லாம் அடுத்த மழையில் வளைகுடாவுக்கு வந்து சேரும். அதனால்தான் மழை பெய்தால் மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம் என்கிறார்கள். "நம்ம ஊர்ல மழை பெஞ்சா மூணு நாள் ரோட்டுல எறங்க முடியாது" என்றார் அத்தை. மகள், எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் பெயரை வரிசையாக விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். அந்த வீட்டுக்காரர்களை நினைத்துப் பரிதாபமாக இருந்தது.

சின்னதாக ஒரு கடை. பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கத் துணிப்பை விற்றார்கள். பக்கத்தில் விலையும் எழுதியிருந்தது. அத்தை அதை ரூபாயாக மாற்றிவிட்டு, கைப்பையிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் பையை உதறி எடுத்தார். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியதை எடுத்துச் சொல்லச் சொன்னார். அத்தை அதற்கு முன்பும் மஞ்சப்பையை விட்டதில்லை. அதனால் அரசு தன்னைப் பார்த்துத்தான் செய்தது என்பது அவர் எண்ணம். பெண்ணுக்குப் பை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதில் அச்சடித்திருந்த இரண்டு பெயரைக் காட்டி, இவர்கள் உங்கள் ஊர்க் கடல் பாதுகாவலர்களா என்று கேட்டது.

"கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை. தாம்பூலப் பை."

சொந்தக்காரர்களா என்று கேட்டது.

"யாருன்னே தெரியாது. எங்க வாத்தியார் சங்கத்துல ஒருத்தர் வீட்டு விசேஷம். சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார் அத்தை. அந்தப் பையை அவளுக்கே கொடுத்துவிட்டார். கைப்பையில் இன்னும் ஐந்தாறு கல்யாணம் இருந்தது.

பை வாங்கிய நன்றியில் அந்தப் பெண் ஒரு தாளை நீட்டியது. மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். என் சனிக்கிழமைக் காலைகள் எப்படிப்பட்டவை என்று என் தலையணைக்குத்தான் தெரியும். நான் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன். அத்தை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தேதியைக் காலண்டரில் பார்த்தார். ராகு காலம் ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பம், அதற்கு முன்னால் போய்விடலாம். "மூணு பேருன்னு எழுதச் சொல்லுங்க."

பெண் எழுதிக்கொண்டது. சேர்ந்த குப்பையை எடை போட்டுக் கணக்கு வைப்போம், ஈரமாக இருந்தால் மூட்டை நல்ல கனம் இருக்கும், தூக்குவதற்கு ஆள் உண்டா என்று கேட்டது.

"என்ன சொல்லுதா?" என்றார் அத்தை, இந்த முறை என்னைப் பார்த்து இல்லை, பேத்தியைப் பார்த்து. பேத்தி சொன்னாள்.

"மாப்ள தூக்குவாவ. நான் வந்த அன்னிக்கு ஏர்போர்ட்ல ஏழு கிலோ கூட இருந்த பெட்டிய அவியதான தூக்குனாவ. ஒரு முனகல் இல்ல."

அதையும் மகள்தான் மொழிபெயர்த்தாள். நான் செய்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.